ஊடுருவல் கணிப்பு: கொசஸ்தலையாற்றுப் படுகை

மழைநீர் மண்ணுக்குள் இறங்குவதைச் சமன்பாட்டில் அடக்கும் முயற்சிகளில் முன்னோடியானது 1911-இல் ஆஸ்திரேலியாவில் கிரீனும் ஆம்ப்டும் எழுதியது. முதலில் வேகமாகக் குடிக்கும் மண், நேரம் ஆக ஆகத் தளர்ந்து நிலையான வேகத்துக்கு வந்துவிடும் என்பதை 1930-களில் அமெரிக்கரான ஹார்ட்டன் வாய்பாடாக்கினார். 1957-இல் ஃபிலிப் அதை இயற்பியலின் வழியே விளக்கினார். இவற்றில் நிலப்பயன்பாட்டுக்குத் தனி இடமில்லை. அதற்கென்றே எண் கொடுத்தது, 1950-களில் அமெரிக்க மண்வளப் பாதுகாப்புத் துறை வகுத்த வளைவெண் முறை. எண் 100-ஐ நெருங்க நெருங்க, பெய்தது ஓடிப்போகும் என்று பொருள்.

இந்தியாவுக்கேற்பத் திருத்திய அட்டவணையில் நெல்வயலுக்கு எல்லா மண்வகையிலும் 95. தார்த்தளத்துக்கு அமெரிக்க அட்டவணை தருவது 98. அப்படியானால் பள்ளிப்பட்டு வட்டத்து ஏரிப்பாசன வயலும் ஒரு தொழிற்பேட்டையின் ஆலை முற்றமும் ஏறக்குறைய ஒன்றா? சேடை உழவில் இறுகிய அடிமண் நீரை மெல்லத்தான் விடும், எண்ணில் பிழையில்லை. ஆனால் அது ஒரு மழையின் கணக்கு. வரப்பு கட்டிய வயலில் நீர் வாரக்கணக்கில் நிற்கிறது. ஆலை முற்றத்தில் விழுந்தது அன்றே வடிகாலில் போய்விடுகிறது. நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழுவின் 1997 முறையில் இதற்குச் சான்று இருக்கிறது. களிமண் குறைந்த சிதைந்த கிரானைட்டில் மழையின் 11 விழுக்காடு கீழே சேரும் என்கிறது அது; 1,000 மி.மீ. பெய்தால் 110 மி.மீ. ஏரிக்கு நாளொன்றுக்கு 1.4 மி.மீ. கசிவு, 100 நாள் நீர் நின்றால் 140 மி.மீ. வண்டல் படிந்த ஏரித்தரை மேட்டுநிலத்தை முந்துவது நீர் அங்கே தங்குவதால்தான். ஆகவே நிலப்பயன்பாட்டைக் கணிப்பில் சேர்ப்பவர், மண் குடிக்கும் வேகத்தோடு நீர் நிற்கும் நாள்களையும் சேர்க்க வேண்டும்.

அதே 1997 முறை, கிணற்றுப் பாசன நெல்லுக்கு விட்ட நீரில், நீர்மட்டத்தின் ஆழத்தைப் பொறுத்து 20 முதல் 45 விழுக்காடு கீழே திரும்புவதாகக் கொள்கிறது. கிணற்று நீர் கிணற்றுக்கே திரும்புவது புதுவரவாகுமா என்று கேட்கலாம். ஆகாது, அதை வரவில் எழுதினால் இறைத்ததைச் செலவில் எழுதியாக வேண்டும். ஏரிப்பாசனம் வேறு: அங்கே வயலில் இறங்குவது எங்கோ மேட்டில் பெய்து, ஓடி மறைந்திருக்க வேண்டிய மழை. இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கடினப்பாறைப் பகுதியில் மேலே உள்ள சிதைந்த அடுக்கின் கொள்ளளவு சிறிது. அது நிரம்பிவிட்டால் மேலே வயலோ ஆலையோ, நீர் இறங்காது. நல்ல மழை கண்ட கார்த்திகையில் இது உண்மைதான். ஆழ்துளைக் கிணறுகள் அடுக்கை வற்றவைத்த ஆண்டில், எவ்வளவு சேரும் என்பதை மேற்பரப்பே தீர்மானிக்கிறது. கொசஸ்தலையாற்றின் கீழ்ப்பகுதியில் இந்த மறுப்புக்கு வலு இன்னும் குறைவு. அங்கே வண்டல் ஆழமானது, இடமும் நிறைய. ஆனாலும் கிழக்குக் கடற்கரை வண்டலுக்கு 1997 முறை தரும் 16 விழுக்காடு, மேலே தோப்பா ஆலைக்கூரையா என்று கேட்பதில்லை. அதே வண்டலில்தான் மீஞ்சூர்ப் பக்கம் மிகையாக இறைத்ததால் கடல்நீர் நிலத்தடியில் ஏறி வந்தது.