மயில்துத்தமும் நாட்கணக்கும்: கடல்மீன் தொட்டிகளில் தனிமைக்காப்பு உருவான வரலாறு

முன்னுரை

புதிதாக வந்த கடல்மீனைப் பொதுத் தொட்டியில் உடனே விடக்கூடாது என்பது இன்று மீன் காட்சியகங்களின் அடிப்படை விதி. மணலும் பாறையும் இல்லாத வெற்றுத் தொட்டியில் ஏறக்குறைய 30 நாள் தனியே வைத்து, ஒட்டுண்ணிகளுக்கு மருந்து கொடுத்த பிறகே அதை மற்ற மீன்களோடு சேர்க்கிறார்கள். இந்த வழக்கம் உருவான பாதையை இக்கட்டுரை ஆராய்கிறது. மருந்துகள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்த கதையாகவே இது பெரும்பாலும் சொல்லப்படுகிறது. ஒட்டுண்ணியின் வாழ்க்கையில் எந்தக் கட்டம் எத்தனை நாள் நீடிக்கிறது, எந்தக் கட்டத்தில் மருந்து அதை எட்டுகிறது என்ற அறிவுதான் இந்த வழக்கத்துக்கு உருக்கொடுத்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

காட்சியகங்களில் பெயர் பெற்ற நோய்கள்

லண்டன் விலங்குக் காட்சிசாலையில் 1853இல் உலகின் முதல் பொது மீன் காட்சியகம் திறக்கப்பட்டது. திறந்த கடலில் ஒட்டுண்ணியின் குஞ்சுகளில் பெரும்பாலானவை மீன் எதையும் எட்டாமலே மடிந்துவிடும். தொட்டியில் அதே நீர் சுற்றிச் சுற்றி வருகிறது. மீன்களுக்கு விலகிச் செல்ல இடமில்லை. கடலில் அரிதாக இருந்த தொற்று இங்கே கொள்ளைநோயாக மாறியது.

எனவே இந்த ஒட்டுண்ணிகளில் பல காட்சியகங்களிலேயே முதலில் விவரிக்கப்பட்டன. மீனின் தோலையும் கண்ணையும் அரிக்கும் தட்டைப்புழு ஒன்றை, இன்று நியோபெனடீனியா மெல்லெனி எனப்படுவதை, நியூயார்க் காட்சியகத்து மீன்களிலிருந்து 1927இல் மெக்கல்லம் விவரித்தார். செவுள்களில் பற்றி மூச்சுத்திணற வைக்கும் ஒருசெல் உயிரியை 1931இல் லண்டனில் இ. எம். பிரவுன் பதிவு செய்தார். அது இப்போது அமைலூடினியம் ஆசெல்லாட்டம். கடல்மீன்களின் வெள்ளைப்புள்ளி நோயைப் பற்றி ஜப்பானில் சிக்காமா 1937இல் எழுதினார். அதன் காரணிக்கு 1951இல் கிரிப்டோகாரியான் இரிடான்ஸ் என்று பெயரிட்டவரும் பிரவுனே. 1970இல் லோம், நிக்ரெல்லி இருவரும் விவரித்த புரூக்லினெல்லா என்ற ஒட்டுண்ணி, நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியின் பெயரையே தாங்கி நிற்கிறது.

மயில்துத்தத்தின் வரவு

பெயர் தெரிந்தும் மருந்து கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின. சான்பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் காட்சியகத்தைச் சேர்ந்த ராபர்ட் டெம்ப்ஸ்டர், அமைலூடினியத்துக்கு எதிராக தாமிர உப்பான மயில்துத்தத்தைப் பயன்படுத்தும் முறையை 1955இல் வெளியிட்டார். கடல்நீரின் காரத்தன்மையில் தாமிரம் கார்பனேட்டாக மாறிப் படிந்துவிடும் என்பதால் சிட்ரிக் அமிலம் துணைக்கு வந்தது. லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் தாமிரம் என்பது பின்னாளில் நிலைபெற்ற அளவு. அதற்குக் கீழே போனால் ஒட்டுண்ணி பிழைக்கும்; மேலே போனால் மீனுக்கே ஆபத்து.

நீந்தித் திரியும் குஞ்சுகளைத்தான் தாமிரம் கொல்கிறது. மீனில் ஒட்டியிருப்பதையும், தரையில் விழுந்து கூடு கட்டிக்கொண்டதையும் அது தொடுவதில்லை. அமைலூடினியத்தின் ஒரே கூட்டிலிருந்து 256 குஞ்சுகள் வரை வெளிவரும். கடைசிக் கூடும் பொரியும்வரை மருந்தின் அளவு குறையாமல் இருக்க வேண்டும் என்பதால், ஒரு முறை கொடுத்த மருந்து போதாமல் வாரக்கணக்கான சிகிச்சை தேவைப்பட்டது.

உயிர்ப்பாறையும் தனித்தொட்டியும்

சுண்ணாம்புப் பாறையும் பவள மணலும் தாமிரத்தை உறிஞ்சிக்கொள்ளும். முதுகெலும்பற்ற உயிரினங்களுக்கோ அது கொடிய நஞ்சு. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிரினங்கள் குடியேறிய கடற்பாறைகளான உயிர்ப்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே தொட்டியைப் பேணும் தம் முறையை 1961இல் எழுதினார். 1986இல் ஜார்ஜ் ஸ்மிட்டின் கட்டுரைகளால் பவளத்தொட்டி அமெரிக்க வீடுகளில் பரவியது. மீன் மட்டும் இருந்த தொட்டியில் நோய் வந்தபின் மருந்தை ஊற்ற முடிந்தது. பவளம் குடியேறிய தொட்டியில் அது இயலாமல் போயிற்று. வீட்டுத் தொட்டிகளில் தனிமைக்காப்பு தவிர்க்க முடியாததானதற்கு நோயறிவைப் போலவே பவளத்தின் மீதான விருப்பமும் காரணம் என்றே கொள்ள வேண்டும்.

எய்லாத்தில் பிறந்த நாட்கணக்கு

இஸ்ரேலின் எய்லாத்தில் ஆஞ்செலோ கொலோர்னி 1980களில் செய்த ஆய்வுகளே இந்த வரலாற்றின் திருப்புமுனை. கிரிப்டோகாரியான் மீனின் தோலுக்கடியில் 3 முதல் 7 நாள் உண்டு வளரும். பிறகு உதிர்ந்து, அடித்தளத்தில் கூடு கட்டிப் பிளவுபடும். வெளிவரும் குஞ்சு ஓரிரு நாளுக்குள் மீனைப் பற்ற வேண்டும், இல்லையேல் மடியும். இந்தக் கணக்கைக் கொண்டு, வளர்ப்புக் கடல்மீன்களை உவர்ப்பு ஆயிரத்துக்குப் 10 பங்காகக் குறைந்த நீரில் 3 மணி நேரம் வைத்து, 3 நாள் இடைவெளியில் 4 முறை செய்தால் நோய் நீங்கும் என்று அவர் 1985இல் காட்டினார்.

3 நாளுக்கு ஒருமுறை மீனைப் புதிய, உலர்ந்த தொட்டிக்கு மாற்றும் முறையும் இதே கணக்கில் எழுந்தது. உதிர்ந்த கூடுகள் பொரியுமுன் மீன் இடம்பெயர்ந்துவிடுகிறது. மருந்தே இல்லாமல் நோயை வெல்ல முடிந்தது என்பதால், இக்கட்டுரையின் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று இல்லை. கூடுகள் பொரிய 72 நாள் வரை ஆகலாம் என்று 1997இல் கொலோர்னியும் பர்ஜெஸும் தொகுத்துரைத்தனர். நோய் கண்ட தொட்டியை மீனின்றி ஏறத்தாழ இரண்டரை மாதம் விட்டுவைக்கும் வழக்கம் அந்த எண்ணை ஒட்டியது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு மருந்து

வெள்ளைப்புள்ளியைத் தீர்க்கும் குறைந்த உவர்ப்பு அமைலூடினியத்திடம் பலிப்பதில்லை. அது உவர்ப்பு மிகக் குறைந்த நீரிலும் வாழும். மலேரியாவுக்காக 1934இல் பேயர் நிறுவனத்தில் உருவாக்கப்பட்ட குளோரோகுயின் அதற்கு மருந்தானது. அதுவும் கூட்டைவிட்டு வெளிவரும் குஞ்சையே கொல்கிறது. தட்டைப்புழுவுக்குப் பிராசிகுவான்டல் உண்டு, ஆனால் முட்டைகள் தப்பிவிடுவதால் அவை பொரித்தபின் மீண்டும் கொடுக்க வேண்டும். நன்னீரில் சில நிமிடம் மீனை முக்கினால், கண்ணுக்குத் தெரியாதிருந்த அந்தப் புழு வெளுத்து உதிர்ந்து தன்னைக் காட்டிக்கொடுக்கும். செவுளைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்காமல் மருந்தைத் தேர்வது ஆபத்தானது என்பதை இந்த வேறுபாடுகள் உணர்த்துகின்றன.

முடிவுரை

1927க்கும் 1997க்கும் இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் ஒட்டுண்ணிகள் பெயர் பெற்றன, மருந்துகள் வந்தன, நாட்கள் எண்ணப்பட்டன. மூன்றாவதுதான் முதலிரண்டையும் பயனுடையதாக்கியது. தாமிரம், குளோரோகுயின், பிராசிகுவான்டல் ஆகிய மூன்றும் ஒட்டுண்ணியின் ஏதோ ஒரு கட்டத்தைத் தப்பவிடுகின்றன. அந்த இடைவெளியை நிரப்புவது காத்திருப்பு மட்டுமே. தொட்டிகளில் காணும் பவளத்திட்டு மீன்களில் பெரும்பாலானவை இன்றும் கடலிலிருந்து பிடிக்கப்படுபவை. அலைகடலில் தானாகவே நீர்த்துப்போகும் நோயை நான்கு கண்ணாடிச் சுவர்களுக்குள் பெருகவிட்டவர்கள் நாம். வாங்கிய மீனை அன்றே அழகுத் தொட்டியில் பார்க்கும் ஆசையை ஒரு மாதம் அடக்குவது, கடலைவிட்டு நம்மிடம் வந்த அந்த உயிருக்கு நாம் செலுத்த வேண்டிய குறைந்தபட்சக் கடன்.