ஒரே கடலில் நனைந்த இரண்டு கடிகாரங்கள்

வழக்கமாக இந்தக் காலாண்டிதழில் பழைய நாணயம், தபால்தலை, அந்தக் கால வங்கிகள் என்று ஏதாவது எழுதுவேன். இந்த முறை கடிகாரம். காரணம், போன பொதுக்குழு முடிந்து காபி குடிக்கும்போது கீழ்த்தளத்து நண்பர் ஒருவர் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை எடுத்துப் பிரித்தார். உள்ளே அவருடைய காலஞ்சென்ற அண்ணனின் வெளிநாட்டு வாட்ச். 2023 டிசம்பர் புயல் மழையில் அலமாரியின் அடித்தட்டில் கிடந்து நனைந்தது. “ரிப்பேர் செய்யலாமா, அப்படியே வைத்துவிடலாமா சார்? கேட்கிற தொகைக்குப் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம்” என்றார்.

இந்தக் கேள்வியை நானும் ஒரு காலத்தில் எனக்குள் கேட்டுக்கொண்டு, பதில் சொல்லாமல் வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டவன். அதைப் பிறகு சொல்கிறேன். உலகத்தில் இந்தக் கேள்வி மிகப் பெரிய அளவில் எழுந்த இடம் ஒன்று உண்டு. முதலில் அங்கே போவோம்.

1912 ஏப்ரல் 14 இரவு 11.40-க்கு டைட்டானிக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. விடிந்தால் 15-ஆம் தேதி, அதிகாலை 2.20-க்கு மூழ்கியது. 1,500 பேருக்கு மேல் இறந்தார்கள். சினிமா பார்த்த எல்லோருக்கும் இவ்வளவும் தெரியும். அதற்குப் பிறகு நடந்த கணக்கு வழக்கு பலருக்குத் தெரியாது. வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் லெட்ஜர் எழுதியவன் என்பதால் என்னை அந்தப் பகுதிதான் பிடித்துக்கொண்டது.

கனடாவில் ஹாலிஃபாக்ஸ் என்று ஒரு துறைமுகம். அங்கிருந்து ‘மக்கே-பென்னெட்’ என்ற கப்பலைச் சடலங்களை மீட்க அனுப்பினார்கள். கடலடியில் தந்திக் கம்பி போடுகிற கப்பல் அது. 306 உடல்களை எடுத்தது. எடுத்த வரிசைப்படி ஒவ்வோர் உடலுக்கும் ஒரு எண். சட்டைப்பையில் இருந்தவற்றை ஒன்றுவிடாமல் பட்டியல் எழுதி, ஒரு கித்தான் பையில் போட்டு, பைக்கும் அதே எண். ஹாலிஃபாக்ஸில் மரணப் பதிவாளராக இருந்த ஜான் ஹென்றி பார்ன்ஸ்டெட் வகுத்த முறை இது. ஆளின் பெயர் தெரியாவிட்டாலும் பொருளை வைத்து உறவினர் அடையாளம் காட்டலாம். ஐந்து வருஷம் கழித்து அதே ஊர்த் துறைமுகத்தில் பெரிய வெடிவிபத்து நடந்தபோதும் இந்த முறைதான் கைகொடுத்தது. நம் வங்கி லாக்கர் பதிவேடுகூட இவ்வளவு சுத்தமாக இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

எண் 124. ஜான் ஜேக்கப் ஆஸ்டர், வயது 47. கப்பலில் பயணம் செய்தவர்களிலேயே பெரிய பணக்காரர். கர்ப்பமாயிருந்த இளம் மனைவியைப் படகில் ஏற்றிவிட்டு, துணைக்குத் தானும் வரலாமா என்று கேட்டார். பெண்களும் குழந்தைகளும்தான் முதலில் என்று அதிகாரி மறுத்துவிட்டார். இவர் தளத்திலேயே நின்றுவிட்டார். ஒரு வாரம் கழித்து உடல் கிடைத்தது. பட்டியலைப் பாருங்கள்: தங்கக் கடிகாரம், வைரம் பதித்த தங்கச் சட்டைப் பொத்தான்கள், மூன்று கல் வைர மோதிரம், ஆங்கில நோட்டாக 225 பவுண்டு, அமெரிக்க நோட்டாக 2,440 டாலர், தங்கப் பென்சில். இவ்வளவும் ஒருவாரம் உப்புத் தண்ணீரில் ஊறியவை.

எண் 283. சினாய் காந்தோர், வயது 34. இன்றைய பெலாரஸில் இருக்கிற வீதெப்ஸ்க் ஊர்க்காரர், யூதர். இரண்டாம் வகுப்பு டிக்கெட்டில் மனைவி மிரியமுடன் அமெரிக்காவுக்குப் புறப்பட்டவர். ஒரு பெட்டி நிறைய கம்பளி ரோமத் தோல்களை எடுத்துப்போனார். அதை விற்று இருவரும் மேற்படிப்பு படிப்பதாகத் திட்டம். மிரியம் படகில் தப்பித்தார். இவர் தப்பிக்கவில்லை. இவரிடமும் ஒரு கடிகாரம் இருந்தது. பித்தளையின் மேல் வெள்ளி பூசிய சுவிஸ் பாக்கெட் வாட்ச். எண்களுக்குப் பதில் ஹீப்ரு எழுத்துகள். பின்மூடியில் மோசே பத்துக் கட்டளைப் பலகையோடு நிற்கும் சித்திரம்.

ஒரே இரவு, ஒரே கடல். இரண்டு கடிகாரங்களும் வீடு வந்து சேர்ந்தன.

ஆஸ்டரின் மகன் வின்சென்ட்டுக்கு அப்போது வயது 20. தந்தையின் உடலை வாங்க ஹாலிஃபாக்ஸுக்கு நேரில் போனவர் அவர். அந்தத் தங்கக் கடிகாரத்தை முழுக்கப் பழுது பார்த்து ஓடவைத்தார்கள். அப்புறம் அலமாரியில் வைத்துப் பூட்டவில்லை; வின்சென்ட்டே அணிந்தார். 1935-ல், தந்தையிடம் செயலாளராக இருந்தவரின் மகனுக்கு, ஞானஸ்நானப் பரிசாகக் கொடுத்துவிட்டார். ஜே.ஜே.ஏ. என்று தந்தையின் முதலெழுத்துகள் பொறித்த கடிகாரத்தை ஒரு பச்சைக் குழந்தைக்குக் கொடுக்க எப்படி மனம் வந்தது என்று முதலில் எனக்குத் தோன்றியது. இருபது வருஷத்துக்கு மேல் கட்டிப் பார்த்தவர். போதும் என்று நினைத்திருக்கலாம்.

காந்தோரின் கடிகாரத்தை யாரும் தொடவில்லை. முட்கள் அரித்துப் போய், உள்ளே இயந்திரம் துருவேறி, டயலில் கறை படர்ந்தபடி தலைமுறை தாண்டி வந்தது. 2018-ல் மிரியமின் சந்ததியார் அமெரிக்காவில் ஏலத்துக்குக் கொடுத்தபோதும் அதே கோலம்தான்.

விலையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் காமர்ஸ் படித்தவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. காந்தோரின் கடிகாரம் 57,500 டாலருக்குப் போயிற்று. ஆஸ்டரின் கடிகாரம் 2024 ஏப்ரலில் இங்கிலாந்தில் ஏலக் கட்டணமும் சேர்த்து 11,75,000 பவுண்டுக்குப் போயிற்று. பழுது பார்த்ததால்தான் இந்த வித்தியாசம் என்று யாரும் கணக்குப் போட வேண்டாம். அது பெயருக்குக் கிடைத்த விலை. அந்தக் கடிகாரம் 14 காரட் தங்கம்தான். செய்தது வால்தம் என்ற அமெரிக்கத் தொழிற்சாலை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. வால்தம் கம்பெனி, ஒன்றின் உதிரிபாகம் இன்னொன்றில் பொருந்தும்படி இயந்திரத்தில் செய்து குவித்த கம்பெனி. கோடீஸ்வரர் சட்டைப்பையில் இருந்தாலும் உள்ளிருந்த இயந்திரம் தொழிற்சாலைச் சரக்கு. மேலே இருந்த தங்கம் உப்பில் அரிக்காது. ஆகவே பழுது பார்க்க அது தோதான கடிகாரம். பூச்சு வெள்ளியும் விசேஷ டயலும் கொண்ட காந்தோரின் கடிகாரம் அப்படியல்ல. டயலை மாற்றினால் அந்தக் கடிகாரமே போய்விடும். பாசம் ஒருபக்கம் இருக்கட்டும். உலோகமும் இந்த முடிவில் ஒரு கட்சிக்காரர்.

தண்ணீர் உள்ளே போனால் என்ன நடக்கிறது? மாணிக்கக் கல்லுக்கு ஒன்றும் ஆகாது. பித்தளைத் தட்டு கறுக்கும், பச்சை பிடிக்கும், அவ்வளவே. எஃகில் செய்தவைதான் முதலில் சாகும்: முடி போன்ற ஹேர்ஸ்பிரிங், சாவி கொடுக்கும் மெயின்ஸ்பிரிங், சக்கரங்களின் அச்சு முனைகள். எஃகு துருப்பிடிக்கத் தண்ணீரும் வேண்டும், காற்றும் வேண்டும். அதனால்தான் நனைந்த வாட்சை வெளியில் எடுத்து, கொஞ்சம் ஈரத்தோடு விட்டுவைக்கும் நாட்களில் சேதம் வேகமாக ஏறுகிறது. கடலில் விழுந்த கடிகாரத்தை நல்ல தண்ணீரில் அலசி, மெக்கானிக்கிடம் போகும்வரை மண்ணெண்ணெயில் போட்டுவைக்கச் சொல்வார்கள் அந்தக் காலத்தவர்கள். காற்றை ஒதுக்கத்தான் அது. அரிசிக்குள் புதைப்பது இந்தக் காலத்துப் பழக்கம். மூடிய கூட்டுக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி எட்டிப்பிடிக்காது. செய்து பார்த்தவன் சொல்கிறேன்.

1912-ல் பெரும்பாலான பாக்கெட் வாட்சுகளுக்குத் தண்ணீரிடமிருந்து பாதுகாப்பு கிடையாது. சாவி கொடுக்கும் தண்டு நுழையும் ஓட்டை திறந்த வாசல். ரோலெக்ஸ் கம்பெனி 1926-ல் திருகி மூடும் திருகாணியும் கூடும் வைத்து ‘ஆய்ஸ்டர்’ என்ற வாட்சைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலேய நீச்சல் வீராங்கனை, அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இங்கிலீஷ் கால்வாயில் குளிரில் பத்து மணி நேரத்துக்கு மேல் நீந்தினார். அன்று அவரால் கரை சேர முடியவில்லை. வாட்ச் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. 1927 நவம்பர் 24 ‘டெய்லி மெயில்’ முதல் பக்கம் முழுக்க அந்த விளம்பரம்தான். ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற வார்த்தையை நம்பி நாம் இன்றும் ஏமாறுவதற்குத் தொடக்கம் அங்கேதான். நல்ல வாட்சிலும் உள்ளே இருப்பது ரப்பர் வளையம். பத்து வருஷம் ஆனால் அது காய்ந்து போகும்.

இனி என் கதை. 1984-ல் என் கல்யாணத்தின்போது மாமனார் தன் கையிலிருந்த சுவிஸ் தங்க வாட்சைக் கழற்றி எனக்குக் கட்டினார். மலேயாவில் வேலை பார்த்துத் திரும்பியபோது அவர் கொண்டுவந்தது. கம்பெனி பெயர் வேண்டாம், விளம்பரமாகிவிடும். என் சம்பளத்தில் நினைத்துப் பார்க்க முடியாத பொருள். விசேஷ நாட்களில் மட்டும் கட்டுவேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் தெருவில் இடுப்பளவு நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். பீரோவின் கீழ் டிராயர் இரண்டு நாள் தண்ணீருக்குள் இருந்தது. ஃபிரிட்ஜ், பத்திரங்கள், பேத்தியின் பாடப்புத்தகம் என்று ஓடியதில் வாட்ச் ஞாபகம் வர ஐந்தாறு நாள் ஆயிற்று. அரிசி டப்பாவில் போட்டேன். பிறகு ஒரு கடையில் காட்டினேன், ரூ.18,000 ஆகும், டயலையும் புதிதாகப் பூசிவிடலாம் என்றார்கள். நான் கணக்குப் போட்டேன். தேய்மானம் கழித்தால் இதன் புத்தக மதிப்பு என்ன? ஓடாத பொருளுக்கு ரூ.18,000 செலவா? யோசிக்கலாம் என்று வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

என் மனைவி அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

எட்டு வருஷம் போனது. யோசித்துக்கொண்டிருந்தது நான், முடிவெடுத்தது துரு. ஆஸ்டர் கடிகாரத்தின் ஏலச் செய்தியைப் படித்துக் காட்டியபோதுதான் அவள் பீரோவிலிருந்து வாட்சை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். “அந்தப் பிள்ளை அப்பா வாட்சைச் சரி பண்ணிக் கட்டிக்கிட்டான் இல்லையா? எங்க அப்பா கையிலும் இது ஓடிக்கிட்டுத்தாங்க இருந்தது” என்றாள். என்னிடம் பதில் இல்லை. காந்தோர் வீட்டாரைப் போல அப்படியே வைத்துக்கொள்வதும் மரியாதைதான் என்று சொல்லிப் பார்த்தேன். “அவங்க அப்படி வைக்கணும்னு வெச்சாங்க. நீங்க செலவுக்குப் பயந்து வெச்சீங்க” என்றாள்.

ஜார்ஜ் டவுனில் ஒரு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்கிற பெரியவரிடம் போனோம். கண்ணில் லென்ஸை மாட்டிப் பின்மூடியைத் திறந்தார். தட்டுகளும் கற்களும் பிழைக்கும். ஹேர்ஸ்பிரிங், மெயின்ஸ்பிரிங், பேலன்ஸ் அச்சு, முட்கள் எல்லாம் போய்விட்டன. அதே ரகத்தில் பழைய வாட்ச் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து எடுத்துப் போடலாம், செலவு முன்பு சொன்னதைப்போல இரண்டு மடங்கு ஆகும் என்றார். “வெள்ளம் வந்த வாரமே வந்திருந்தா கழுவி எண்ணெய் விட்டாலே போதுமா இருந்திருக்கும் சார்” என்றும் சொன்னார். பாதி வேறு வாட்சாகிவிட்டால் இது மாமனாருடையதா என்று நான் ஆரம்பித்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன்.

டயலில் மூன்று மணிக்குப் பக்கத்தில் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாகத் தெரிகிறது. புதுப்பூச்சு பூசினால் பளபளக்கும், ரூ.4,000 கூடுதல் என்றார் பெரியவர். ரசீதில் ‘டயல் தொட வேண்டாம்’ என்று எழுதச் சொன்னது என் மனைவி. ஆடி முடிந்து கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார்.

பொட்டலத்தோடு வந்த நண்பருக்கும் இதைத்தான் சொன்னேன்: வைத்துக்கொள்வதோ ஓடவைப்பதோ உங்கள் விருப்பம், ஆனால் எப்படியும் இந்த வாரமே பின்மூடியைத் திறந்து காயவைத்துவிடுங்கள். அவரும் அந்தப் பெரியவரிடம் போய் வந்துவிட்டார். வேறு யாருக்காவது விலாசம் வேண்டுமானால் மாலை 5 மணிக்கு மேல் சங்க அலுவலகத்தில் இருப்பேன்.