மையமில்லாப் பட்டியலும் தமிழ்ப் பெயர்களும்

மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969-இல் வெளியிட்ட 'தமிழ் மலேசியானா', மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அச்சேறிய தமிழ் நூல்களையும் இதழ்களையும் பட்டியலிட்டது. தொகுத்தவர் இராம. சுப்பையா. பிரிக்பீல்ட்சில் ஒரு படியும் கிள்ளானில் ஒரு படியும் இருப்பின், விடுபட்ட நூலை அவரவரே ஓரத்தில் குறித்துக்கொள்ளலாம். எவரிடமும் இசைவு பெற வேண்டுவதில்லை. ஆயின் ஒருவர் குறித்தது மற்றவரைச் சென்றடையாது.

1978-இல் தொடங்கிய மால்மார்க் திட்டம் அக்குறையைக் கணினியால் தீர்க்க முற்பட்டது. பல்கலைக்கழக நூலகங்களின் பதிவுகள் பினாங்கிலிருந்த ஒரு கணினியில் ஒன்றுசேர்ந்தன. மையம் ஓய்ந்தால் பகிர்வும் ஓயும் என்பது அவ்வமைப்பின் இயல்பு.

இன்று ஒவ்வொரு நூலகமும் முழுப் படியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, திருத்தங்களை மட்டும் பிற நூலகங்களோடு நேரே மாற்றிக்கொள்ள இயலும். இடர் கருவியில் இல்லை; எழுத்துப்பெயர்ப்பில் உள்ளது. தனிநாயக அடிகளார் ஆங்கிலத்தில் தம் பெயரின் ககரத்துக்கு 'ஜி' என்னும் எழுத்தை இட்டார். நூலகங்களின் ஒலிபெயர்ப்பு முறையோ ககரம் எவ்வாறு ஒலிப்பினும் 'கே' என்றே எழுதும். இரு பட்டியல்கள் இணையும்போது ஒருவர் இருவராவார். அவர் நூல்களும் இரண்டாகப் பிரியும். மையம் இருப்பின் அங்கே ஒருவர் அமர்ந்து தீர்ப்பளிப்பார். அது இல்லாதபோது பதிவே தன் அடையாளத்தைச் சுமந்து செல்ல வேண்டும்.

ஒருங்குறியில் 1991 முதல் தமிழுக்கு இடமுண்டு. எனவே பெயரைத் தமிழெழுத்திலேயே பதிவது முதற்படி. அதுவும் போதாது. தொகுப்பாசிரியர் பெயரையே 'இராம.' என்றும் 'ராம.' என்றும் எழுதுவோர் உளர். இவ்விரண்டையும் ஒருவரெனக் காட்டும் எண்ணொன்று பதிவோடு செல்லல் வேண்டும்.