கம்பாத்தின் கல்மணித் தொழில்: நாலாயிரம் ஆண்டுப் பயணம்

குஜராத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் கம்பாத் என்னும் காம்பே நகருக்குப் போய் வந்தவர்கள் சிலரே. போனவர்களும் அவ்வூர் ஹல்வாசனையும் சூத்தர்ஃபேணியையும் வாங்கிக்கொண்டு திரும்பிவிடுவது வழக்கம். நானும் அப்படித்தான் திரும்பியிருப்பேன். கடைத்தெருவில் ஒரு கல் என்னை நிறுத்திவிட்டது. கரும்பச்சை நிறம், அதன்மேல் ரத்தம் தெறித்தாற்போலச் சிவப்புப் புள்ளிகள். 'பிளட்ஸ்டோன்' எனப்படும் ஜாஸ்பர் வகை அது. "இந்தக் கல்லை வச்சுக்கிட்டு என்னங்க பண்ணப் போறீங்க?" என்று கேட்ட என் மனைவிக்கு அன்று பதில் சொல்லத் தெரியவில்லை. பிறகு அதை அறுத்து, தேய்த்து, மெருகேற்றுவதே என் பொழுதுபோக்காயிற்று. அதன் வழியே நான் அறிந்த சரித்திரத்தை இம்மலரில் பகிர்ந்துகொள்கிறேன்.

எரிமலை தந்த கல்

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகி ஓடி, அடுக்கடுக்காக உறைந்தது. அப்பாறைகளின் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் சிலிக்கா கலந்த நீர் புகுந்து, காலப்போக்கில் படிந்து இறுகியதே அகேட், ஜாஸ்பர், சூதுபவளம் ஆகியவை. எல்லாம் ஒரே குவார்ட்ஸ் குடும்பம்தான். ஒளி ஊடுருவினால் அகேட். இரும்பு முதலிய கலப்புகள் மிகுந்து ஒளி புகாவிட்டால் ஜாஸ்பர். கடினம் மோஸ் அளவில் 6.5 முதல் 7 வரை. சாதாரணக் கத்தியால் கீறினால் கல்லில் கோடு விழாது.

குஜராத்தில் இக்கற்களுக்குப் பேர்போன இடம் பரூச் மாவட்டத்து ரத்தன்பூர். அங்குள்ள குன்றில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி மக்கள் போற்றும் பாபா கோர் தர்கா இருக்கிறது. கல் வியாபாரத்தோடு இணைத்தே அவர் பெயர் பேசப்படுகிறது.

லோத்தலும் கொடுமணலும்

1955இல் எஸ்.ஆர். ராவ் தலைமையில் லோத்தலில் அகழாய்வு தொடங்கியது. அங்கே மணி செய்யும் பட்டறையும், கல்லைச் சூடாக்கும் உலையும், முற்றுப்பெறாத சூதுபவள மணிகளும் கிடைத்தன. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தொழிற்கூடம் அது. ஹரப்பா மக்கள் செய்த நீண்ட சூதுபவள மணிகள் மெசபட்டோமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகள் வரை போயிருக்கின்றன. அம்மணிகளில் துளையிட அவர்கள் தனிவகைக் கல் ஊசியைப் பயன்படுத்தினார்கள். கெனோயர் முதலிய ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்ததில், ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழமே துளை இறங்கியது. அப்படியானால் ஆறு சென்டிமீட்டர் மணிக்கு 24 மணி நேர உழைப்பு!

கி.பி. முதல் நூற்றாண்டின் 'பெரிப்ளூஸ்' நூல், பரூச் துறைமுகத்திலிருந்து இத்தகைய கற்கள் ஏற்றுமதியானதைக் குறிக்கிறது. நமக்கும் இதில் தொடர்பு உண்டு. நொய்யல் கரையிலுள்ள கொடுமணலில் கல்மணிப் பட்டறைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுவே என்பர். அங்கு கிடைத்த சூதுபவளத்தின் மூலக்கல் குஜராத்திலிருந்து போயிருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. பிழைப்புக்காக நாம் வடக்கே வருவதற்கு ஈராயிரம் ஆண்டுகள் முன்பே இங்கிருந்து கல் தெற்கே போயிருக்கிறது!

இன்றைய பட்டறை

கம்பாத்தில் பழைய முறை முழுதும் மறைந்துவிடவில்லை. கல்லை வெயிலில் உலர்த்தி, மண்சட்டியில் வைத்துச் சுடுகிறார்கள். கல்லிலுள்ள மஞ்சள் இரும்புச்சத்து சூட்டில் செந்நிறமாகிறது. தரையில் நட்ட இரும்புக் கம்பியின் முனையில் கல்லைச் சாய்த்து, எருமைக்கொம்பால் செய்த சுத்தியால் தட்டிச் சில்லு எடுக்கிறார்கள். துளையிட, வைரம் பதித்த ஊசி. தேய்ப்பதற்கு மட்டும் மின்மோட்டாரில் சுழலும் சாணைச் சக்கரம் வந்துவிட்டது.

என் வேலை மணி அல்ல, கபோஷான். அடிப்பக்கம் தட்டையாக, மேல்பக்கம் வழுவழுவென்று குவிந்த வடிவம். ஜாஸ்பருக்கு இதுதான் பொருத்தம். ஒளி புகாத கல்லில் பட்டை தீட்டிப் பயனில்லை. பார்க்க வேண்டியது அதன் சித்திரத்தை. முதலில் எந்த இடத்தில் புள்ளிகள் அழகாக விழுகின்றன என்று பார்த்து வட்டம் வரைய வேண்டும். பிறகு குச்சியில் அரக்கு வைத்துக் கல்லை ஒட்டி, 80, 220, 400, 600 என்று படிப்படியாக நைசான தூளில் தேய்த்து, கடைசியில் சீரியம் ஆக்சைடால் மெருகிட வேண்டும். ஒரு படியில் அவசரப்பட்டால் அந்தக் கீறல் மெருகில் வந்து காட்டிக் கொடுத்துவிடும்.

ஆரம்பத்தில் பால்கனியில் தண்ணீர் இல்லாமலே தேய்த்தேன். முதல் கல்லைக் கம்பாத்தில் ஒரு முதியவரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கல்லைப் பார்க்கவில்லை. என் சட்டையில் படிந்திருந்த வெள்ளைத் தூசியைப் பார்த்தார். "தண்ணி ஊத்தித் தேய்ங்க பாய். என் தம்பி இப்படித்தான் போனான். டி.பி.ன்னு சொல்லி வருஷக்கணக்கா மருந்து கொடுத்தாங்க" என்றார். "நீங்க ஏன் காகா தண்ணி ஊத்தறதில்லை?" என்று கேட்டேன். "தண்ணியில வேலை மெதுவாப் போகும். எங்களுக்கு எண்ணிக்கைக்குத்தானே கூலி!" என்றார்.

அவர் தம்பிக்கு வந்தது சிலிகோசிஸ். கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூசி நுரையீரலில் தங்கித் தழும்பாகி மூச்சைக் குறைக்கும். வந்தபின் குணமாக்க மருந்தில்லை. காசநோயும் எளிதில் தொற்றும். அகமதாபாத்திலுள்ள தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் 1980களிலேயே கம்பாத் தொழிலாளர்களிடம் இந்நோயை ஆராய்ந்தது. தூசியை உறிஞ்சும் கருவியும் அவர்களுக்காக உருவாக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் பட்டியலில் சிலிகோசிஸ் இடம்பெற்றிருந்தது. ஆனால் வீட்டுத் திண்ணையில் நடக்கும் தொழில் தொழிற்சாலைக் கணக்கில் வருவதில்லை. தேய்ப்பவர் மட்டுமல்ல, அதே வீட்டில் இருக்கும் பெண்களும் பிள்ளைகளும்கூட அந்தத் தூசியைச் சுவாசிக்கிறார்கள்.

இன்று நான் சொட்டு நீர் விழும் சக்கரத்தில், முகமூடி அணிந்து தேய்க்கிறேன். பொழுதுபோக்குக்குத் தேய்க்கும் எனக்கு அது சுலபம். பிழைப்புக்குத் தேய்ப்பவருக்கு அல்ல. நம் சங்கத்தில் பொறியாளர்களும் மருத்துவர்களும் நிறைய உள்ளனர். ஆண்டுக்கொரு சுற்றுலா போகிறோம். அடுத்த முறை லோத்தலைப் பார்க்கும்போது, கம்பாத்துக்கும் போய் ஒரு மருத்துவ முகாம் நடத்தினால் என்ன? நுரையீரல் சோதனைக்கு ஒரு நாள், தூசி உறிஞ்சியைப் பொருத்த ஒரு நாள் போதும். இந்த மண் நமக்குச் சோறு போட்டிருக்கிறது. நாம் திருப்பிச் செய்யக்கூடியது இது.