நெகிழ்வட்டுக்குள் ஒரு வரலாறு

பழைய பொருட்களைச் சேர்ப்பவர் என்றால் நாணயமும் முத்திரையும் ஓலைச்சுவடியும் பித்தளைப் படிக்கமும்தான் நம்மவர்களுக்கு நினைவுக்கு வரும். பழைய கொம்பியூட்டர்களைச் சேர்க்கிறார் ஒருவர் என்றால் சிரிப்பார்கள். என் வீட்டுப் பின்னறையில் ஐந்து பழைய கணனிகளும் இரண்டு ‘டொட் மெட்ரிக்ஸ்’ அச்சுப்பொறிகளும் ஒரு தமிழ்த் தட்டச்சுப் பொறியும் இருக்கின்றன. அந்த அறைக்கு என் மனைவி வைத்த பெயர் ‘பழைய இரும்புக் கடை’. அது முற்றிலும் பிழையுமல்ல. அவற்றில் மூன்றை நான் வாங்கியதே பதுளையில் பழைய இரும்பு எடுக்கும் ஒரு நானாவிடமிருந்துதான். விலை, கிலோக் கணக்கில்.

இந்தப் பழக்கம் ஆர்வத்தால் வந்ததல்ல, குற்ற உணர்வால் வந்தது. 2009ஆம் ஆண்டு நான் கற்பித்த பாடசாலையில் கணனி அறைக்குப் பொறுப்பாயிருந்தேன். வருட இறுதிப் பொருட் கணக்கெடுப்பில் ஆறு கணனிகளைப் ‘பாவனைக்குதவாதவை’ என்று எழுதி ஒப்பமிட்டேன். லொறியில் ஏற்றிய பிறகுதான் ஒரு விடயம் நினைவுக்கு வந்தது. 2005இல் பத்தாந்தர மாணவர்கள் விடுமுறையில் லயம் லயமாகப் போய், வயதானவர்களிடம் கதையும் ஒப்பாரியும் தாலாட்டும் கேட்டுக் கொப்பிகளில் எழுதி வந்தார்கள். அவற்றை நாங்கள் மாலை வேளைகளில் இருந்து தட்டச்சு செய்திருந்தோம். கொப்பிகள் மாணவர்களிடமே திரும்பிப் போய்விட்டன. தட்டச்சு செய்த கோப்புகள் அந்த ஆறில் ஒன்றின் வன்தட்டில் இருந்தன. மறுநாள் கடைக்கு ஓடினேன். பெட்டிகள் உடைக்கப்பட்டுச் செம்பு தனியாக, அலுமினியம் தனியாகக் கிடந்தன. அந்தக் கிழவிகளில் பலர் இன்று உயிரோடு இல்லை. யார் மீதும் பழிபோட வழியில்லை, ஒப்பம் என்னுடையது.

அன்றிலிருந்து ஓர் எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. ஓலைச்சுவடியை வாசிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். நெகிழ்வட்டை வாசிக்க ஓர் இயந்திரம் வேண்டும். இயந்திரம் போனால் எழுத்தும் போகும்.

தமிழ் இயந்திரத்தில் ஏறிய கதை கணனிக்கு முந்தியது. மலாயாப் பக்கம் பிழைக்கப் போன யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா, இருநூற்றுக்கு மேற்பட்ட தமிழ் எழுத்துகளை ஆங்கிலப் பொறியின் சில பத்து விசைகளுக்குள் அடக்க வழிகண்டார். கொம்பும் விசிறியும் புள்ளியும் தனித்தனியே நின்று எழுத்தோடு சேரும் அந்த ஏற்பாடு, பின்னாளில் கணனிக்கும் வந்து சேர்ந்தது. ஆசிரிய கலாசாலையில் நான் பயிற்சி பெற்ற காலத்தில் தமிழில் தட்டச்சு என்றாலே ‘பாமினி’தான். தட்டச்சுப் பொறியில் எந்த எழுத்து எங்கே இருந்ததோ, ஏறத்தாழ அதே இடத்தில் பாமினியிலும் இருந்தது. அதனால் பழைய தட்டெழுத்தாளர்கள் சிரமமின்றி மாறிக்கொண்டார்கள்.

ஆனால் பாமினிக்குள் ஒரு தந்திரம் இருந்தது. ‘தமிழ்’ என்று நாம் தட்டும்போது கணனி தமிழை அறிவதில்லை. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும்தான் அது பதிந்துகொள்கிறது. அவற்றின் மீது தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுவது எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணனியில் அந்தக் கோப்பைத் திறந்தால், பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும்.

நம் வாசகர்களுக்கு இது புதுமையாக இராது. நம் முன்னோர் அரபு எழுத்துகளில் தமிழை எழுதினார்கள். அரபியில் இல்லாத ‘ட’, ‘ப’, ‘ழ’ போன்ற ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்துக்கொண்டார்கள். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு அது அரபு. அரபு மட்டும் தெரிந்தவருக்கு அது புரியாத ஏதோ ஒரு மொழி. இரண்டும் தெரிந்தவருக்குத்தான் அது தமிழ். இன்று அரபுத்தமிழ்க் கிதாபுகள் பல வீடுகளில் பரணில் கிடக்கின்றன. வாசிப்பார் இல்லை. ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழை உட்காரவைத்த பாமினியும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறது. கிதாபுகளுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. பாமினிக்கு இருபது ஆண்டுகள்கூடப் பிடிக்கவில்லை.

பாமினி மட்டுமல்ல, அந்த நாளில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் வேறாயிருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாடு ‘டாப்’, ‘டாம்’ என்னும் குறியேற்றங்களைப் பரிந்துரைத்தது. இணையத் தமிழர்கள் பலர் ‘டிஸ்கி’யைப் பயன்படுத்தினார்கள். 1991இல் வெளிவந்த யுனிகோட்டின் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடமிருந்தது. எனினும் வின்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவோடு வரும்வரை சாதாரண மேசைக் கணனிக்கு அது எட்டவில்லை. நம் நாட்டில் ரெங்கநாதன் விசைப்பலகையை ஏற்ற தமிழ்த் தரம் 2008இல்தான் வந்தது. ஆக, 1990களின் நடுவிலிருந்து ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளில் கணனியில் எழுதப்பட்ட ஈழத்துத் தமிழில் பெரும்பகுதி யுனிகோட்டுக்கு வெளியே எழுதப்பட்டது. பாடசாலை ஆண்டு மலர்கள், பள்ளிவாசல் நிருவாக அறிக்கைகள், கோயில் திருவிழாப் பிரசுரங்கள், சிற்றிதழ்கள், கவிதைத் தொகுதிகள் எல்லாம் இதில் அடங்கும்.

இலங்கையின் கணனி வரலாற்றில் பேராசிரியர் வீ. கே. சமரநாயக்கவின் பெயரை விட்டுவிட முடியாது. 1983இல் தேசியக் கணனிக் கொள்கை வகுக்கப்பட்டதும், 1984இல் ‘சின்டெக்’ பேரவை தொடங்கப்பட்டதும் அவருடைய உழைப்போடு சேர்ந்தவை. அவர் 2007இல் காலமானார். கொழும்பிலிருந்தே உலகுக்கு எழுதிக்கொண்டிருந்த ஆதர் சி. கிளார்க் தமது ‘2010’ நாவலைக் கணனியில் எழுதியதும் அதே 1980களில்தான். ஊவாவின் தோட்டங்களுக்கு அந்த அலை வர இன்னும் நீண்ட காலம் எடுத்தது. 2003இல் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவராண்மை அமைக்கப்பட்டு, அதன்பின் ‘நெனசல’ என்னும் அறிவகங்கள் திறக்கப்பட்டபோதுதான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் முதன்முதலாக ‘மௌஸை’த் தொட்டார்கள். அந்த நெனசல திட்டத்துக்கு 2014இல் பில் அன்ட் மெலின்டா கேட்ஸ் மன்றத்தின் பத்து இலட்சம் டொலர் விருது கிடைத்தது.

தோட்டத்தில் கணக்கு என்பது வாழ்க்கையோடு ஒட்டியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளியின் கழுத்தில் தகர வில்லை ஒன்று தொங்கியது. அதில் பொறித்த எழுத்து எந்தத் தோட்டப் பகுதி என்பதையும், இலக்கம் எந்தத் தோட்டம் என்பதையும் சொல்லும். ஆளின் பெயருக்கு அதில் இடமில்லை. பிறகு செக்ரோல் வந்தது. பிரட்டுக்களத்தில் பேர் விழுந்ததா, கொழுந்து எத்தனை கிலோ, எவ்வளவு பிடித்தார்கள் என்பதெல்லாம் அதில். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டமும் 1964இன் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தமும் இந்த மக்களை ஒரு துண்டுக் காகிதத்துக்காக அலையவைத்தன. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு 2003ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் விமோசனம் கிடைத்தது. காகிதம் இல்லாததால் என்ன நேரும் என்று இந்த மலைகளில் வாழ்வோருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

கண்டி ஹந்தானையில், 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை 2001இல் தேயிலை நூதனசாலை ஆயிற்று. கொழுந்து அரைக்கும் ரோலர்களை அங்கே துடைத்து அழகாக வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தக் கொழுந்தைப் பறித்தவரின் பேரைப் பதிந்த இயந்திரத்தை யார் வைத்திருக்கிறார்கள்? 1992இல் தோட்டங்கள் கம்பனி நிருவாகத்துக்குக் கைமாறிய பின் தோட்டக் கந்தோர்களுக்கு வந்த கணனிகளும், ‘கர்ர்’ என்று கத்திக்கொண்டு சம்பளத் துண்டு அடித்த டொட் மெட்ரிக்ஸ் அச்சுப்பொறிகளும் பழைய இரும்பாகிவிட்டன. ஊசிகள் மைநாடாவைக் குத்திக் குத்தி எழுதும் அந்தப் பொறி, காபன் வைத்து ஒரே தரத்தில் பிரதிகளும் எடுத்துத் தரும். சம்பள நாளில் அதன் சத்தத்தைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை எங்களிடம் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, எங்கள் ஊரில் மௌத்தான தபாலதிபர் ஒருவரின் மகள் ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். “வாப்பா இத வீச வாணாண்டு சொல்லிட்டுப் போனாரு, சேர். வீட்ட கொம்பியூட்டர்ல இத போட எடமும் இல்ல” என்றார். டின்னுக்குள் ஒன்பது நெகிழ்வட்டுகள். ஓய்வுபெற்ற பிறகு அவர் பழைய வின்டோஸ் 98 கணனியில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். என்ன எழுதினார் என்று கேட்டதில்லை.

மூன்றரை அங்குல வட்டின் கொள்ளளவு 1.44 மெகாபைட். இன்றைய கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது போதாது. ஆனால் பக்கத்துக்கு 2,000 எழுத்து என்று வைத்தால், வெறும் எழுத்தாக 700 பக்கங்கள் அதில் அடங்கும். ஒன்பதில் ஆறு முழுதாக வாசித்தன. இரண்டு பாதியில் நின்றன. ஒன்றில் வெண்பூஞ்சணம் பிடித்திருந்தது. கோப்பைத் திறந்தபோது வழக்கம்போல ஆங்கிலக் குவியல். பாமினியைத் தெரிவு செய்தேன். திரையில் ஊர் எழுந்து வந்தது. 1924இல் ரயில் பதுளைக்கு வந்தபோது தகப்பனார் பார்த்ததாகச் சொன்னவை, பஸாரில் எந்தக் கடை யாருடையது, எந்தத் தோட்டத்துக்கு யார் தபால் பை சுமந்தார், கடிதம் வாசிக்கத் தெரியாத தாய்மாருக்குத் தானே வாசித்துச் சொன்ன கடிதங்கள் என்று ஏறத்தாழ 180 பக்கங்கள். மகள் பக்கத்தில் நின்று வாசித்தார். ஒரு பந்தியில் தன் பெயரைக் கண்டதும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பெரிய நாடுகளுக்கும் இந்த அனுபவம் உண்டு. 1086இல் இங்கிலாந்தில் எடுத்த நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே புத்தகத்தின் 900 ஆண்டு நிறைவையொட்டி, பிபிசி 1986இல் ஒரு புதிய டூம்ஸ்டேயை லேசர் வட்டில் வெளியிட்டது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அதற்குத் தகவல் கொடுத்தார்கள். பதினைந்து ஆண்டுகளில் அதை வாசிக்கும் பொறி கிடைப்பதே அரிதாயிற்று. 2002இல் ஆய்வாளர்கள் பாடுபட்டு அதை மீட்டார்கள். தோலில் எழுதிய 1086ஆம் ஆண்டுப் பிரதி மட்டும் எந்தப் பொறியும் கேளாமல் இன்றும் வாசிக்கக் கிடக்கிறது. சோனி நிறுவனம் 2011இல் நெகிழ்வட்டு விற்பனையை நிறுத்திவிட்டது. இனி நம்மிடமுள்ள பழையவையே மிச்சம்.

எனவே, வீட்டில் பழைய கணனியோ வட்டோ வைத்திருப்பவர்களுக்கு என் அனுபவத்தில் கண்ட சிலவற்றைச் சொல்லிவைக்கிறேன். நெடுநாள் கிடந்த கணனிக்கு உடனே மின்சாரம் கொடுக்க வேண்டாம். மூடியைத் திறந்து பாருங்கள். 386, 486 காலத்துப் பலகைகளில் பீப்பாய் வடிவ பட்டரி ஒன்று இருக்கும். அது கசிந்தால் பலகையின் செம்புக் கோடுகளையே அரித்துவிடும். முதல் வேலையாக அதைக் கழற்ற வேண்டும். பூஞ்சணம் பிடித்த வட்டை வாசிப்பானில் செருகினால் வாசிப்பானும் கெடும், அடுத்து வரும் வட்டும் கெடும். மார்கழி, தை மழையில் எங்கள் பக்கத்து ஈரம் எதையும் விடாது. காற்றுப் புகாத டின்னில் ஈரம் உறிஞ்சும் சிறு பொதிகளோடு வையுங்கள். வாசிக்குமுன் வட்டின் மூலையிலுள்ள சிறு மூடியைத் தள்ளித் துவாரத்தைத் திறந்துவிட்டால், தவறுதலாக அதன்மேல் எதுவும் எழுதப்படாது. யுனிகோட்டுக்கு மாற்றிய பிறகும் மூலக் கோப்பை அழிக்காதீர்கள். மாற்றும்போது சில எழுத்துகள் பிறழ்வதுண்டு. சரிபார்க்க மூலம் வேண்டும்.

ஒரே இடத்தில் வைக்கவும் வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களோடு மனிதர்களும், அவர்களுடைய பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் படங்களும் மண்ணுக்குள் போயின. 1981இல் யாழ் நூலகத்தில் எரிந்தவற்றில் வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் இருந்தன. 1998இல் மதுரைத் திட்டமும் 2005இல் நூலகம் திட்டமும் தொடங்கியது இந்தப் பாடத்தைக் கற்றதனால்தான் என்று நினைக்கிறேன்.

தபாலதிபரின் பக்கங்கள் இப்போது மூன்று வீடுகளில் இருக்கின்றன, ஒரு பிரதி தாளிலும் உண்டு. பூஞ்சணம் பிடித்த அந்த ஒன்பதாவது வட்டை நான் வீசவில்லை. அதன் மேல் ஒட்டிய துண்டில் அவருடைய கையெழுத்தில் ‘தோட்டத்துப் பெண்கள் சொன்னவை’ என்றிருக்கிறது. 2005இல் என் மாணவர்கள் கேட்டு எழுதியதும், 2009இல் நான் லொறியில் ஏற்றி அனுப்பியதும் அதைத்தான். அதை வாசிக்கும் வழி தெரிந்தவர் ஒருநாள் வரலாம். அதுவரை அந்த இயந்திரங்களைத் துடைத்து வைத்திருக்கிறேன்.