ஒளி கொடுத்தோரின் கண்கள்

வெள்ளித்திரையிலே ஒளி வெள்ளம் பாய்கிறது. அழகு முகம் தெரிகிறது. அரும்பும் புன்னகை தெரிகிறது. கன்னத்தில் உருளும் கண்ணீர்த் துளியும் தெரிகிறது. கை தட்டுகிறோம். நடித்தவர் பெயர் நம் நாவிலே நிற்கிறது. இயக்கியவர் பெயர் ஏட்டிலே நிற்கிறது. ஆனால், அந்த முகத்தின் மீது ஒளியை ஊற்றியவன் யார்? உச்சியில் கட்டிய பலகையிலே, அனல் கக்கும் விளக்கின் அருகிலே, வியர்வையில் நனைந்து நின்றவன் எவன்? திரைப்பட வரலாறு எழுதுவோர் அவனைத் தேடிச் செல்வது அரிது. நாம் தேடிச் செல்வோம், தோழர்களே!

தொடக்கத்தில் கதிரவன் ஒருவனே விளக்கு. 1893-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் வெஸ்ட் ஆரஞ்சு நகரில், எடிசன் ஆய்வுக்கூடத்தார் ஒரு கொட்டகை எழுப்பினர். கருநிறத் தார்த்தாள் போர்த்திய கொட்டகை அது. பெயர் ‘பிளாக் மரியா’. அதன் கூரை திறக்கும். கொட்டகையே வட்டத் தண்டவாளத்தின் மேல் சுழலும். கதிரவன் நகர நகர, கொட்டகையும் திரும்பிக் கொள்ளும்! 1897-இல் பிரான்சு நாட்டின் மெலியே, பாரிசை அடுத்த மோந்த்ரேயில் கண்ணாடிச் சுவரும் கண்ணாடிக் கூரையும் கொண்ட கூடம் அமைத்தார். முகில் வந்தால் வேலை மங்கியது. மாலை வந்தால் வேலை முடிந்தது.

படத் தொழில் பணத் தொழிலாக வளர்ந்தது. முதலாளி முகில் விலகும்வரை காத்திருப்பானா? மின்விளக்கு உள்ளே வந்தது. வந்தவற்றுள் வலிமை மிக்கது கார்பன் ஆர்க் விளக்கு. இரண்டு கார்பன் கோல்களின் முனைகளைத் தொடவைத்து, மின்சாரத்தைப் பாய்ச்சிச் சிறிது விலக்கினால், இடைவெளியைத் தாண்டி மின்னோட்டம் பாய்கிறது. கோலின் முனை மூவாயிரம் பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கிறது. கண் கூசும் வெண்ணொளி பிறக்கிறது. அக்காலப் படச்சுருளோ சிவப்பு நிறத்தை உணராதது. நீல ஒளியை விரும்பி ஏற்பது. ஆர்க் விளக்கிலோ நீல ஒளி நிறைய. விளக்கும் சுருளும் பொருந்தின. நியூயார்க்கில் நாடக மேடைகளுக்கு விளக்குச் செய்த கிளீகல் உடன்பிறந்தாரின் ஆர்க் விளக்குகளும் படக் கூடங்களுக்குள் புகுந்தன.

விளக்கோடு ஒரு நோயும் புகுந்தது. பகலெல்லாம் வெளிச்சத்தில் நின்றவர்க்கு இரவிலே கண் எரியும், மணலை வாரி இறைத்தாற்போல் உறுத்தும், நீர் வடியும், இமை வீங்கும், சிறு ஒளியையும் பார்க்க இயலாது. ‘கிளீக் கண்’ என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது! ஒளி தந்த விளக்கின் பெயர், கண்நோயின் பெயராயிற்று.

காரணம் என்ன? விதியா? கண்ணேறா? இல்லை, புற ஊதாக் கதிர்! கண்ணுக்குத் தெரியாத அக்கதிர், கருவிழியின் மேற்புறத்தைச் சுட்டுவிடுகிறது. சுட்டவுடன் வலிப்பதில்லை, சில மணி நேரம் கழித்தே வலி தொடங்குகிறது. தீர்வு என்ன? விளக்கின் முன்னே ஒரு கண்ணாடித் தகடு! சாதாரணக் கண்ணாடியே அக்கதிரின் கொடிய பகுதியைப் பெரிதும் தடுத்துவிடும்.

ஆர்க் ஒளி கண்ணைச் சுடும் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே அறிவியலார் குறித்துவிட்டனர். படக் கூடங்கள் தோன்றியதோ அதன் பின்னர். ஆயினும் மூடாத விளக்குகள் எரிந்தன, கண்கள் கெட்டன. அறிவு ஏட்டில் இருந்தது. கண்ணாடி விளக்கில் இல்லை! ஏட்டிலிருந்து விளக்குக்கு அறிவு நடந்துவர எத்தனை ஆண்டுகள்! அந்த இடைவெளியிலே வெந்தவை தொழிலாளரின் கண்களும் நடிகரின் கண்களும்.

1927-இல் ‘தி ஜாஸ் சிங்கர்’ வெளிவந்தது. படம் பேசத் தொடங்கியது. ஆர்க் விளக்கின் இரைச்சல் ஒலிப்பதிவைக் கெடுத்தது. எல்லா நிறங்களையும் உணரும் புதிய சுருளும் பரவியது. எனவே டங்ஸ்டன் இழை விளக்குகள் முன்னிடம் பெற்றன. 1928-இல் ஹாலிவுட்டில் அவற்றை வைத்து விரிவான சோதனைகளே நடத்தினர். கவனியுங்கள்: கண் கெட்டபோது ஓயாத ஆர்க் விளக்கு, ஒலி கெட்டபோது ஒதுங்கியது! 1930-களில் வண்ணப்படம் வேரூன்றியது. அதற்கு மிகுந்த ஒளி வேண்டியிருந்ததால், ஓசை அடக்கப்பட்ட ஆர்க் விளக்கு மீண்டும் வந்தது. அரங்குகள் உலைக்களமாயின.

1960-களின் இறுதியில் ஜெர்மனியில் எச்.எம்.ஐ. விளக்கு உருவாயிற்று. அதே மின்சாரத்தில் டங்ஸ்டன் விளக்கைவிட மூன்று, நான்கு மடங்கு ஒளி தருவது அது. அதனுள்ளும் புற ஊதாக் கதிர் உண்டு. ஆனால், இப்போது பாடம் விளக்கிலேயே எழுதப்பட்டிருக்கிறது: முன்கண்ணாடிக் கதவைத் திறந்தால், உள்ளிருக்கும் சுவிட்ச் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். கண்ணாடி காவல் காக்கிறது. காவலுக்கும் ஒரு காவல்!

கண்ணுக்குக் காவல் வந்தது, உயிருக்கு? நம் நாட்டு 230 வோல்ட் மின்சாரத்தில் 1000 வாட் விளக்கொன்று ஏறத்தாழ 4.3 ஆம்பியர் இழுக்கும். ஆள்காப்புக்கான கசிவுத் துண்டிப்பானோ, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டிவிடும் வகையில் அமைக்கப்படுகிறது. விளக்கில் ஓடுவது அதைப்போல் நூற்று நாற்பது மடங்குக்கு மேல்! உறை கிழிந்த கம்பி, மழைநீர் தேங்கிய தரை, எர்த் கம்பி இணைக்காத இரும்புத் தாங்கி. இம்மூன்றும் கூடினால் ஓர் உயிர் போதும், பலி முடிந்துவிடும். ப்யூஸ் இருக்கிறதே என்பார் சிலர். ப்யூஸ் கம்பியைக் காக்கும். கம்பியைத் தொட்டவனைக் காக்காது.

ஆபத்து மின்சாரத்தில் மட்டுமா? 2020 பிப்ரவரி 19-ஆம் நாள், சென்னையை அடுத்த படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சாய்ந்து மூவர் மாண்டனர். தலைக்கு மேலே தொங்கும் பளு எதுவாயினும், அதற்குக் கணக்கு வேண்டும். அதன் கீழே நிற்பவனுக்குக் காப்பு வேண்டும்.

படத் தொடக்க நாளன்று காமிராவுக்குப் பூசை நடக்கிறது, கற்பூரம் எரிகிறது, தேங்காய் உடைகிறது. எர்த் கம்பியைச் சோதித்தது யார்? கம்பியின் உறையைத் தடவிப் பார்த்தது யார்? கற்பூரத்தின் ஒளி கம்பியின் கிழிசலை அடைக்காது. அடைப்பது அறிவு; அந்த அறிவைக் கேட்டுப் பெறும் உரிமை.

லைட்மேன் கேட்பது இரக்கமன்று. கையுறை, காலணி, கசிவுத் துண்டிப்பான், ஓய்வு நேரம், காப்பீடு. இவை கூலியைப் போன்றே அவனுக்கு உரியவை. அடுத்த முறை திரையில் ஒரு முகம் சுடர்விடும்போது, அதன் மேல் விழும் வெளிச்சத்தையும் பாருங்கள். அது வானிலிருந்து வந்ததன்று. ஒருவன் தூக்கிப் பிடித்தது. பிடித்த கை பத்திரமாக வீடு திரும்பியதா என்று கேளுங்கள். கேட்கும் குரல் பெருகினால், கண்ணாடி வரும் நாள் தள்ளிப் போகாது!