சைக்கோபதியும் குழந்தைப் பருவ மனக்காயமும்

சைக்கோபதி என்பது இரக்கமின்மை, குற்றவுணர்வின்மை, வஞ்சகம், முன்யோசனையற்ற நடத்தை ஆகியவை சேர்ந்தமைந்த ஆளுமைக் கோளாறு. இதை மதிப்பிடக் கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் வகுத்த பட்டியலில் 20 கூறுகள் உண்டு. உச்ச மதிப்பெண் 40.

சிறுவயதில் நேரும் வதை, புறக்கணிப்பு, பிரிவு ஆகியவற்றுக்குச் சைக்கோபதி உருவாவதில் பங்குண்டா என்பது நெடுங்கால விவாதம். அமெரிக்க மனநல மருத்துவர் பென் கார்ப்மன் 1941இல் சைக்கோபதியை இரண்டாகப் பிரித்தார்: இயல்பிலேயே அமையும் முதல்நிலை; மனக்காயங்களின் விளைவான இரண்டாம் நிலை. பின்னதில் பதற்றம் மிகுதி.

லண்டனில் மனநல மருத்துவர் ஜான் போல்பி 44 சிறார் திருடர்களை ஆராய்ந்து 1944இல் முடிவுகளை வெளியிட்டார். பாசமற்றவர்கள் என அவர் வகைப்படுத்திய 14 பேரில் 12 பேர் இளவயதில் தாயை நீண்டகாலம் பிரிந்திருந்தனர். சிறாரை நேர்கண்டவரும் வகைப்படுத்தியவரும் அவரே என்பதால் சார்புக்கு இடமுண்டு என்ற விமர்சனம் எழுந்தது.

இரட்டையர் ஆய்வுகள் உணர்ச்சியற்ற தன்மையில் மரபணுவின் பங்கு கணிசமானது என்கின்றன. சிறுவயது வதை உணர்ச்சியற்ற தன்மையைவிட ஆவேசம், சமூகவிரோத நடத்தை ஆகியவற்றோடு வலுவாகத் தொடர்புறுகிறது. வதைபட்ட குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்குச் சைக்கோபதி உருவாவதில்லை.